அடியில் தங்கிய வெள்ளை: இன்சுலினை மெதுவாக்கிய கதை

இன்றைக்குப் பேசப்போகும் வரலாறு எங்க வீட்டு மண்பானையில் இருந்து தொடங்குது.

2018 நவம்பர் 16. கஜா புயல் எங்க கீரமங்கலத்தைப் புரட்டிப் போட்ட நாள். தென்னை, பலா எல்லாம் சாய்ந்து, கரண்ட் கம்பங்களும் விழுந்து, நாள் கணக்கில் ஊரே இருட்டில் கிடந்தது. ஃப்ரிட்ஜ் ஓடலை. அப்பாயியோட இன்சுலின் பாட்டிலை டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பின பானைக்குள் வைத்தோம்.

மூணாம் நாள் எடுத்துப் பார்த்தால், மேலே தண்ணீர் மாதிரி, அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருக்கு. "கெட்டுப்போச்சு அப்பாயி"ன்னு தூக்கிப் போடப் போனேன். "அட கிறுக்குப் பயலே, அது அப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில வச்சு உருட்டு, குலுக்கிப்புடாத"ன்னு சொல்லுச்சு. இன்ஜினியரிங் படித்த எனக்கு அந்த வெள்ளை என்னன்னு தெரியலை. அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

1922 ஜனவரி. கனடாவின் டொரண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சன்தான் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட முதல் நோயாளி. உயிர் பிழைத்தான். ஆனால் ஒரு சிக்கல். இன்சுலின் ஒரு புரதம். மாத்திரையாக விழுங்கினால், முட்டையைச் செரிப்பது போல வயிறு அதையும் செரித்துவிடும். அதனால் ஊசிதான் வழி. அந்த ஊசியும் சில மணி நேரம்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்குப் பல ஊசி.

இந்த இடத்தில் டென்மார்க் வருது. நோபல் பரிசு வாங்கிய ஆகஸ்ட் குரோக், அதே 1922-ல் டொரண்டோவுக்குப் போனார். அவர் மனைவி மேரிக்கே சர்க்கரை நோய். இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பி, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹேகடோர்ன் என்ற மருத்துவரோடு சேர்ந்து தயாரிப்பைத் தொடங்கினார்.

ஹேகடோர்ன் கேட்ட கேள்வி எளிமையானது: இன்சுலின் தோலுக்கடியில் மெதுவாகக் கரைந்தால் என்ன? மீன் விந்தில் இருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு கலந்தார். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், இன்னொன்றுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு, எளிதில் கரையாத துகளாகிவிடும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுக்கும். 1936-ல் இது வெளியானது. அதே காலத்தில் டொரண்டோவில் துத்தநாகம் சேர்த்து இன்னும் நீட்டினார்கள். 1946-ல் புரோட்டமினும் இன்சுலினும் சரியான அளவில் சேர்ந்த படிகமாக என்.பி.ஹெச். இன்சுலின் வந்தது. அதில் 'ஹெச்' என்பது ஹேகடோர்ன்.

அப்பாயி பாட்டிலின் அடியில் தங்கியிருந்தது அந்தப் படிகம்தான். நான் தூக்கி எறியப் போனது மருந்தையேதான்! உருட்டாமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் மருந்து குறையும், சர்க்கரை ஏறும். பிறகு அடிமண்டியை எடுத்தால் அளவு கூடி, நடு ராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். அப்பாயிக்கு இந்த வேதியியல் தெரியாது, ஆனா விஷயம் தெரிஞ்சிருந்துச்சு.

அடுத்த பாய்ச்சல் 1976. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை பாலிமருக்குள் வைத்து மெதுவாகக் கசியவிட முடியாது என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். முடியும் என்று ராபர்ட் லாங்கர், ஜூடா ஃபோக்மேன் இருவரும் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். இன்றைய நானோ துகள், ஹைட்ரோஜெல் ஆராய்ச்சிகளுக்கு இது ஒரு முக்கியமான தொடக்கம். ஹைட்ரோஜெல்னா, ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி வழுவழுன்னு இருக்குமே, அது மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலை. அதற்குள் புரதம் மாட்டிக்கொண்டு மெல்ல வெளியே வரும். கஷ்டம் என்னன்னா, புரதம் தன் மடிப்புக் குலைந்தால் செத்த மாதிரி. வெப்பம், கரைப்பான், குலுக்கல் எதுவும் அதைக் கெடுக்கலாம். முதல் நாளே மொத்தமாக வெளியே கொட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

நம்ம நாட்டிலும் முயற்சி நடந்தது. 2010-ல் டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் அவதேஷ சுரோலியா குழு, இன்சுலின் மூலக்கூறுகளையே ஒன்றோடொன்று கோத்து ஒரு கிடங்கு ஆக்கியது. தனி பாலிமரே இல்லை. சர்க்கரை நோயுள்ள விலங்குகளில், ஒரே ஊசி 120 நாள் வரை இன்சுலினை வெளிவிட்டது. அது இன்னும் மருந்துக்கடைக்கு வரலை.

ஏன் இவ்வளவு தாமதம்? நான் எழுதும் கோடு தப்பாகப் போனால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவேன். உடம்புக்குள் போன நான்கு மாத மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு நாள் சாப்பிடாமல் விட்டால்கூட இன்சுலின் வந்துகொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கையோடுதான், வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக் இன்சுலினுக்கு 2024-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. 1922-ல் மணிக்கணக்கு, 2024-ல் ஒரு வாரம். நூறு வருஷத்தில் வந்த தூரம் அது.

கடைசியாக ஒன்று. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலும், கலங்கலான இன்சுலின் உருட்டியும் கட்டி கட்டியாக நின்றாலும் போடாதீங்க. உங்க வீட்டில் எந்த வகை இருக்குன்னு இன்றைக்கே நர்ஸிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு வச்சுக்கோங்க. அடுத்த புயல் சொல்லிட்டு வராது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.