ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?

மாத்தளை ஆஸ்பத்திரியில் துண்டுக்கு வரிசையில் நிற்கும் எவரும் மருந்துக்கு என்ன விலை என்று கேட்பதில்லை. இலவச வைத்தியம் என்றைக்கும் இருந்த ஒன்று என்றே இளைஞராகிய நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அச்செலவை யார் தாங்குவது என்ற வழக்கு இந்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. அவ்வழக்கில் நம் முன்னோருக்கும் பெரும் பங்குண்டு.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைக் கொள்ளை கொண்டன. ஆளை வரவழைத்தவர் துரைமாரே, ஆகவே செலவும் அவருடையதே என்பது அரசினர் கட்சி. தாம் கொடுக்கும் வரியிலிருந்து அரசினரே செய்யட்டும் என்பது துரைமார் கட்சி. நோயாளி நடுவே கிடந்தான். 1872ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்தியப் பிரிவுகளாக வகுத்துச் செலவைத் தோட்டங்கள் மேல் சுமத்தியது. அது சரிவராமையால், 1880களில் தோட்ட விளைபொருள்களின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. 1912இல் புதிய சட்டங்கள் வந்தன. ஆயினும் தோட்டத்து வைத்தியம் தோட்டத்துக்காரர் பொறுப்பு என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

கிராமங்களின் கதை வேறு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. வாக்குக் கேட்டு வருபவரிடம் சனங்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கேட்டதைப் பெற்றும் கொண்டார்கள். வசதியுள்ளோரிடம் அரசினர் ஆஸ்பத்திரிகள் வாங்கிவந்த கட்டணமும் 1951இல் ஒழிந்தது.

அந்த நல்ல காலத்திலேதான் நம்மவர் வாயிழந்து நின்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமையையும், அதன்பின் வாக்கையும் இழந்தார்கள். வாக்கில்லாதவனுக்காக எந்தப் பிரதிநிதி வரவுசெலவுத் திட்டத்தில் பணம் கேட்பான்? நாட்டுக்கெல்லாம் இலவச வைத்தியம் பரவியபோது, தோட்டத்து நோயாளிக்குப் பக்கத்திலிருந்தது தோட்ட டிஸ்பென்சரி ஒன்றே. இதைத் தற்செயல் என்று என்னாற் கொள்ள முடியவில்லை.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போயிற்று. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசினர் ஏற்றனர், எல்லாவற்றையும் அல்ல. பழைய வழக்கு மறுபடியும் தலைதூக்கியது.

இலவசம் என்பதும் அசையாத மலையன்று. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினர். சிறு காசுதான், ஆனாலும் வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அதைக் கைவிட்டனர். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோதோ கட்டணம் எவரும் கேட்கவில்லை, மருந்துதான் இல்லை. வெளியே கடையில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த தொழிலாளிக்கு பஸ் காசும் போயிற்று, அன்றைய நாட்சம்பளமும் போயிற்று. கையில் அந்தத் துண்டு மட்டும் இருந்தது.