அண்டி ஆபீஸ் புகையும் பிச்சிப்பூ மணமும்

பேக்கரிக்கும் முந்திரி ஆலைக்கும் பொதுவான சாதனம் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உண்டு. அதன் பெயர் போர்மா. பேக்கரியில் அது விறகு எரித்துச் சூடேற்றும் செங்கல் அடுப்பு. பன்னும் ரஸ்க்கும் அதற்குள்தான் வேகும். முந்திரி ஆலையில் அது ஓடு நீக்கிய பருப்பைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்தும் அறை. இரண்டின் கதவைத் திறந்தாலும் பசியைக் கிளப்பும் மணம் தெருவுக்கு வரும். பேக்கரியின் கதை அந்த மணத்தோடு முடிந்துவிடும். முந்திரிக்கோ போர்மாவுக்கு முன்னால் வேறொரு கட்டம் இருந்தது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ஊர்கள் அந்தக் கட்டத்தின் புகையில் பல தலைமுறைகளைக் கழித்தவை.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அப்போது அதில் இருந்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள். முதல் இரண்டும் நாஞ்சில் நாடு. நெல்வயலும் குளமும் நிறைந்த கிழக்கு. மற்ற இரண்டும் மேடும் மலையும், பனையும் ரப்பரும். இந்தச் சிறிய மாவட்டத்தில் அரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் ஜன்னல் வழியே வரும் வாடை மூன்று முறை மாறிவிடும். மாறும் இடங்களைக் கவனித்தால், அங்கே எந்த நீர் ஓடியது, எந்த எல்லை வந்தது, எந்தச் சரக்குக்கு வெளியூரில் விலை கிடைத்தது என்பதெல்லாம் தெரியவரும்.

நாஞ்சில் நாட்டின் பழைய வாடை நெல் அவிப்பது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகங்களுக்கும் உறுதி தந்தது. அறுவடை முடிந்ததும் புழுங்கலரிசிக்காக நெல்லை ஊறவைப்பார்கள். வீட்டில் அண்டாவிலும், ஆலையில் சிமெண்டுத் தொட்டியிலும் இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரில் கிடக்கும் நெல் மெல்லப் புளிக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பு வாடை அரிசியிலும் ஏறும், தொட்டியைத் திறந்துவிட்டால் தெருச் சாக்கடையிலும் ஓடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வெந்நீரில் சில மணி நேரமே ஊறவைக்கும் முறையை உருவாக்கியது. அது ஆலைகளில் பரவிய பிறகு அரிசியின் வாடை பெரிதும் குறைந்தது. பின்னர் ஏலா எனப்படும் வயல்வெளிகளே சுருங்கின. வயல்கள் வாழைக்கும் தென்னைக்கும் வீட்டு மனைக்கும் போக, அவித்த நெல் முற்றத்தில் காயும் காட்சியும் அரிதாகிவிட்டது.

கடற்கரையை ஒட்டிய காயல்களில் வேறொரு ஊறல் நடந்தது. தேங்காய் உரித்த பச்சைக் கதம்பையைக் கட்டுகளாக்கி, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் மூழ்கடித்து, மேலே சேறும் கல்லும் ஏற்றிவிடுவார்கள். ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை அது அப்படியே கிடக்கும். நாரை நாரோடு ஒட்டவைக்கும் பெக்டினை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கதம்பையின் சாயம் இறங்கி நீர் கறுக்கும். பிராணவாயு குறைந்த அந்த நீரிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு குமிழிவிடும். முட்டை அழுகியது போன்ற அந்த வாடையை, பழையாறு கடலில் சேரும் மணக்குடியைச் சுற்றியிருந்தவர்கள் நன்றாக அறிவார்கள். குழித்துறை ஆறு கடலைச் சேரும் தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலும் இதே வேலைதான். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 1860இல் தொடங்கி, முழுமை பெறாமல் நின்றுபோன அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும் சில இடங்களில் படகுக்கு உதவியதைவிடக் கதம்பை ஊறப்போடத்தான் அதிகம் உதவியது.

அழுகிய கதம்பையைக் கரையேற்றித் தடியால் அடித்துச் நார்ச்சோறு என்னும் தூளை உதறி, தும்பு என்னும் நாரைப் பிரித்தெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பளவு நீரில் நின்று கட்டுகளை இழுத்தவர்களின் தோலிலும் சேலையிலும் அந்த வாடை ஊறிப்போயிருக்கும். சோப்புக்கு எளிதில் போகாது. ஆனால் இந்த அழுகல் இல்லாமல் பொன்னிறத் தும்பு கிடைக்காது. ஊறவைக்காமல் இயந்திரத்தில் அடித்த நார் பழுப்பாகவும் முரடாகவும் இருக்கும். ராட்டில் மெல்லிய கயிறாகத் திரிக்க அது ஒத்துவராது. கயிறு வாங்கியவர் தரத்துக்கு விலை கொடுத்தார். மீன் செத்து மிதந்த காயலுக்கு அந்த விலையில் பங்கு எதுவும் இல்லை. காலப்போக்கில் இயந்திரங்கள் பெருகின. முன்பு கரையில் குப்பையாகக் குவிந்து கிடந்த நார்ச்சோறு இன்று கட்டியாக அழுத்தப்பட்டு, மண் இல்லாமல் செடி வளர்க்கும் வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறுகிறது.

தென்னையின் மறுபக்கம் இனியது. செக்கிலும் எண்ணெய் ஆலையிலும் கொப்பரை ஆடும் மணம் எல்லாச் சந்தை ஊர்களிலும் இருந்தது. நாகர்கோவிலில் நேந்திரங்காயைக் கொதிக்கும் தேங்காயெண்ணெயில் நேராகச் சீவிவிட்டுப் பொரிக்கும் சிப்ஸ் கடைகள் இன்றும் விளம்பரப் பலகையை நம்பிப் பிழைப்பதில்லை. வாணலியைத் தெருவோரம் வைத்தால் போதும், வாசனையே ஆளைக் கூப்பிட்டுவிடும்.

பனங்காட்டிலும் இப்படி மணக்கும் ஒரு நேரம் இருந்தது. தை பிறந்து பாளை வெட்டத் தொடங்கினால் சில மாதங்களுக்கு விடிலிகளில் அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சுவார்கள். ஓலை வேய்ந்த அந்தக் குடிசைக்குள் சுள்ளியும் காய்ந்த ஓலையும் எரியும். பல மணி நேரம் கொதித்து அக்கானி பாகாகத் திரளும்போது எழும் கருகல் இனிப்பு வழிப்போக்கருக்கு ஆசை மூட்டும். கிண்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் கண் எரியும். முந்திரிக்கொத்து என்ற பலகாரத்துக்குள் போகும் கருப்பட்டியில் அந்தப் புகையின் மணமும் கொஞ்சம் சேர்ந்தே இருக்கும்.

ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குத் தனி அடையாளம் தந்த வாடை, அண்டி ஆபீஸ் என்று அழைக்கப்படும் முந்திரி ஆலைகளுடையது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த கொல்லா மரம் என்னும் முந்திரி மேற்குக் கரை முழுதும் பரவியது. 1920களில் கொல்லத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பருப்பு ஏற்றுமதி வேகம் பிடித்தபோது அது ஆலைத் தொழிலானது. உள்ளூர்க் கொட்டை போதாமல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். பிற்பாடு மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டைகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக லாரிகளில் வரத் தொடங்கின.

பச்சைக் கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அனகார்டிக் அமிலமும் கார்டாலும்தான் அதன் காரம். பழைய முறையில், தீயின் மேல் சுழலும் இரும்பு உருளையில் கொட்டையைப் போட்டு வறுப்பார்கள். ஓட்டு எண்ணெய் பற்றிக்கொள்ளும். உருளையின் மறுமுனையில் கொட்டைகள் எரிந்தபடியே வந்து விழும். தண்ணீர் தெளித்துச் சாம்பல் தூவி அணைப்பார்கள். அப்போது கிளம்பும் வெண்புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையை அறுக்கும். மழைக்கால ஈரக்காற்றில் அது மேலே எழாமல் தாழ்வாரங்களுக்குள் புகுந்துகொள்ளும். ஆலைக்குள் கொட்டையைத் தடியால் தட்டி உடைத்த பெண்கள் எண்ணெய் படாமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். ஆனாலும் விரல்கள் கறுத்தன. பெண் எந்த வேலைக்குப் போகிறாள் என்பதைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் கையைப் பார்த்தும் சேலையின் வாடையை வைத்தும் தெரிந்துகொள்ள முடிந்தது.

இத்தனை ஆலைகள் இங்கே பெருகியதற்கு 1956இல் விழுந்த எல்லைக்கோடும் ஒரு காரணம். கேரளத்தில் முந்திரித் தொழிலாளர் சங்கங்கள் வலுவானவை. குறைந்தபட்சக் கூலியும் மற்றச் சலுகைகளும் அங்கே உயர்ந்தபோது, கொல்லத்து முதலாளிகள் சிலர் எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டிக் கூலி குறைந்த தமிழகப் பக்கம் ஆலைகளைத் தொடங்கினார்கள். அதே மொழி கலந்த வாழ்க்கை, அதே வேலைப் பழக்கம், சில கிலோமீட்டர் தூரம்; கூலி மட்டும் வேறு. கூலியைத் தேடி வந்த ஆலையோடு புகையும் வந்தது. வேலையும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ஏராளமான வீடுகளுக்கு அண்டி ஆபீஸ் கூலிதான் கையில் புரண்ட காசு. புகையைப் பற்றி ஊர் முணுமுணுத்தாலும் ஆலையை மூடச் சொல்லத் தயங்கியதற்கு இதுவே காரணம்.

பிறகு நீராவியில் வேகவைத்து, ஆறவிட்டு, கையும் காலும் கொண்டு இயக்கும் கத்தியால் வெட்டும் முறை வந்தது. உருளை வறுவலின் வெண்புகை பெரும்பாலும் ஒழிந்தது. எண்ணெயை எரித்து வீணாக்காமல், ஓட்டிலிருந்து பிழிந்து எடுத்து பெயிண்டுக்கும் வாகன பிரேக் லைனிங்குக்கும் விற்கவும் முடிந்தது. எஞ்சிய ஓட்டை எரிபொருளாக்கும் இடங்களில் இன்றும் அந்தப் பழைய காரம் மூக்கில் ஏறும். வெட்டிய பருப்பு போர்மாவில் காய்ந்து, தோல் உரிந்து, தரம் பிரிந்து டின்னுக்குள் போகிறது. 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. டின்னைத் திறக்கும் ஊரில் இனிய மணம் மட்டுமே இருக்கும்.

மலையடிவாரத்துக்குப் போனால் ரப்பர். குலசேகரம், கீரிப்பாறை, மணலோடைப் பகுதிகளில் அதிகாலையில் வெட்டும் பால் வெள்ளையாக, ஏறக்குறைய வாசனையற்றுச் சிரட்டையில் வடியும். ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் அழுத்தி ஷீட்டாக்கி, விறகுப் புகை மூட்டிய புகைப்புரையில் சில நாட்கள் தொங்கவிடுவார்கள். புகை பூஞ்சையைத் தடுக்கும்; ஷீட்டுக்குத் தேன் நிறம் தரும். புகையும் புளிப்பும் கலந்த அந்த மணத்தைப் பழகியவர்கள் வெறுப்பதில்லை. சிக்கல் ஒட்டுப்பாலில்தான். சிரட்டையிலும் மரப்பட்டையிலும் தானாக உறைந்த பாலில் உள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பியூட்டிரிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. கெட்டுப்போன வெண்ணெய்க்கும் அழுகிய மாமிசத்துக்கும் நடுவிலான அந்த நாற்றம், சரக்கு ஏற்றிய லாரி கடந்துபோன பிறகும் வளைவில் தங்கி நிற்கும். 1984இல் அமைக்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடும்பங்களும் வேலைக்கு அமர்ந்தன.

இந்த நாற்றங்களுக்கெல்லாம் எதிர்முனை கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து விழும் தோவாளை. அங்கே பூச்சந்தை விடியும் முன்னே கூடுகிறது. ஊர்ப் பிச்சியோடு மதுரை, ஓசூர்ப் பக்கத்துப் பூக்களும் வந்து குவியும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் மலையாள வியாபாரிகளின் வண்டிகள் வரிசை கட்டும். பிச்சி மொட்டு விரியும் முன்பே எல்லை கடந்தாக வேண்டும். விரிந்து மணம் வீசுவது வாங்கியவர் வீட்டில் நடக்க வேண்டிய காரியம்.

எல்லையின் இரு பக்கமும் நடக்கும் இந்தப் போக்குவரத்தில் அண்மைக்காலமாக வேறொரு சரக்கும் சேர்ந்திருக்கிறது. கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் ஏற்றிய வண்டிகள் குமரி மாவட்டத்துக்குள் வந்து பிடிபடுவது அடிக்கடி செய்தியாகிறது. 2024 டிசம்பரில் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர்ப் பகுதியில் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டது வெளியே வந்தபோது, மூன்று நாட்களுக்குள் அதை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கு உத்தரவிட்டது. கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிப்போயின. கயிற்றுக்கோ முந்திரிக்கோ ரப்பருக்கோ கிடைக்காத ஒரு தீர்ப்பு அது: நாற்றத்தை உண்டாக்கியவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும். அந்தத் தீர்ப்பு கிடைத்ததற்குக் காரணம், அந்தக் கழிவைச் சார்ந்து இந்தப் பக்கத்தில் கூலி வாங்கும் வீடுகள் இல்லாததும்தான். களியக்காவிளை வழியாக வரும் வண்டிகளில் எதைத் திருப்பி அனுப்புவது என்பதைச் சோதனைச் சாவடிக்காரர்கள் இப்போது தார்ப்பாயை விலக்கிப் பார்த்து முடிவுசெய்கிறார்கள்.