கோயில் யானை: திருத்தணி ஐராவதமும் காட்டு யானையும்

கோயில் யானை என்பது சாமி புறப்பாடு, கஜபூஜை, திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் கொண்டுவருதல் போன்ற கைங்கரியங்களுக்காகக் கோயில்களில் வளர்க்கப்படும் ஆசிய யானை. வீட்டில் சிறுத்தைக் குட்டி வைத்திருந்தால் வனத்துறை வந்து கைது செய்யும். மூன்று டன் எடையுள்ள யானைக்கு மட்டும் நெற்றியில் பட்டையோ நாமமோ இட்டு, பக்கத்தில் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஊருக்குள் ஆட்களோடு ஆட்களாக நிற்கும் ஆபத்தான காட்டு விலங்கு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். பழக்கத்தினால் அதை அப்படி நினைப்பதில்லை.

திருத்தணியின் இரண்டு யானைகள்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி முருகனின் ஐந்தாம் படைவீடு. மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாள் கணக்குக்கு ஒன்று. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்த ஊர். இங்கே சன்னிதிக்கு எதிரில் இருக்கும் யானை கருவறையைப் பார்ப்பதில்லை. வெளியே பார்த்தபடி நிற்கிறது. வாகனம் என்றால் சாமியைப் பார்த்து நிற்பதுதான் வழக்கம்; ஆகவே முதல்முறை வருபவர்கள் கொஞ்சம் நின்று யோசிப்பார்கள்.

தலபுராணம் காரணம் சொல்கிறது. தெய்வானையை மணம் முடித்துக் கொடுத்தபோது இந்திரன் தன் ஐராவதத்தையும் சீதனமாக அனுப்பினான். யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் குன்றத் தொடங்கியது. திருப்பித் தருவதாக முருகன் சொன்னபோது, கொடுத்ததை வாங்குவது முறையல்ல, யானையின் பார்வை மட்டும் என் திசையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டானாம் இந்திரன்.

இன்னொரு யானை வள்ளி கதையில் வருகிறது. தினைப்புனத்தில் வள்ளி இணங்காதபோது, தம்பிக்காக விநாயகர் காட்டு யானையாக வந்து வெருட்ட, வள்ளி அலறி ஓடி முருகனிடமே அடைக்கலம் புகுந்தாள். இது நடந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை, திருத்தணிக்கு மேற்கே இருக்கிறது. சீதனமாகக் கைமாறும் யானை ஒன்று, பார்த்த மாத்திரத்தில் ஓடவைக்கும் யானை ஒன்று. கதை சொன்னவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்கின்றன. கோயில் யானையைப் பற்றிப் பேசும்போது நாம் முதல் யானையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

காட்டு யானை இந்தப் பக்கத்துக்கு வெறும் கதையும் அல்ல. ஓசூர், கிருஷ்ணகிரிக் காடுகளிலிருந்து 1980களில் யானைக் கூட்டங்கள் சித்தூர் மாவட்டத்துக்குள் நகர்ந்தன. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பலமநேர், குடியாத்தம் பக்கத்து விவசாயிகள் இன்றும் ராத்திரி விழித்திருந்து பயிர் காக்கிறார்கள்.

பழகியது, ஆனால் வீட்டு விலங்கல்ல

நாயும் மாடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த விலங்குகள். சாதுவானது எது, பால் அதிகம் கறப்பது எது என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் அவற்றின் குணமே மாறிவிட்டது. யானையிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. குழி வெட்டியோ கூட்டத்தை வளைத்தோ காட்டில் பிடித்து, அடைத்து, பழக்கி வேலைக்கு விட்டார்கள். வனத்துறை முகாமில் பிறந்த குட்டிக்கும் அப்பன் பெரும்பாலும் காட்டுக் களிறுதான், ஏனென்றால் முகாம் யானைகளை இரவில் மேய்ச்சலுக்குக் காட்டில் விடுவது வழக்கம். ஆகவே கோயில் வாசலில் நிற்கும் யானைக்கும் முதுமலைக் காட்டில் திரியும் யானைக்கும் பிறவிக் குணத்தில் வேறுபாடு கிடையாது. பழக்கம்தான் வேறு. அந்தப் பழக்கமும் பாகன் ஒருவரோடு உண்டானது, ஊரோடு உண்டானதல்ல.

யானை பழக்குவது பழைய தொழில். யானையைப் பழக்குபவர்கள் வடமொழிச் சொற்களால் ஏவியதை முல்லைப்பாட்டு பதிவு செய்கிறது. இன்றும் பாகர்களின் கட்டளைச் சொற்கள் வெளியாளுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சொல்லோடு அங்குசம், காதுக்குப் பின்னால் பாகனின் கால்விரல் அழுத்தம், முன்காலில் சங்கிலி.

ஆசி வாங்கும் காட்சியைக் கிட்டே நின்று பார்த்தால், யானையின் பழக்கம் பாகனோடுதான் என்பது விளங்கும். ஆசிய யானையின் தும்பிக்கை நுனியில் விரல்போல ஒற்றை முனைப்புத்தான் உண்டு. நீட்டிய உள்ளங்கையில் கிடக்கும் நாணயத்தை அந்த ஒற்றை விரலால் வழித்து எடுத்து, பின்பக்கமாகப் பாகன் கையில் சேர்த்துவிட்டு, தும்பிக்கையைத் தூக்கித் தலையில் வைக்கிறது. தலை குனிந்தவருக்குத் தெரிவதெல்லாம் ஈரமான ஒரு கனம். யானை அப்போதும் கண்ணோரமாகப் பாகனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

காட்டில் பிடி யானை தனியாக வாழாது. தாய், சித்தி, அக்கா, குட்டிகள் என்று கூட்டமாக, மூத்த பிடியின் பின்னால் நடக்கும். நாளின் பெரும்பகுதி மேய்ச்சலிலும் நடையிலும் போகும். ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். கோயிலில் கிடைப்பது தென்னை மட்டை, சோளத்தட்டை, அரிசியும் ராகியும் கொள்ளும் கலந்த கவளம், அதற்குமேல் பக்தர்கள் தரும் பழமும் வெல்லமும். தின்பது குறைவதில்லை, நடை குறைந்துவிடுகிறது. எடை ஏறுகிறது. கல்தளத்திலும் சிமெண்ட் தரையிலும் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாகிறது, மூட்டு தேய்கிறது. மனிதரிடமிருந்து காசநோயும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு மாற்றாகத்தான் 2003இல் முதுமலையில் கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் தொடங்கியது. பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில், 48 நாள் முகாமாக நடந்தது. லாரியில் ஏற மறுக்கும் யானை, இறங்கியதும் பழைய தோழியைத் தும்பிக்கையால் தடவும் யானை என்று பத்திரிகைகளுக்கு ஆண்டுதோறும் நல்ல படங்கள் கிடைத்தன. மிச்சம் 317 நாளைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

விபத்துகள்

யானை ஆளைக் கொன்றால் செய்தித் தலைப்பு ‘மதம் பிடித்த யானை’ என்று வரும். மதம் என்பது வளர்ந்த களிற்றுக்குக் குறிப்பிட்ட காலத்தில் வரும் உடல்நிலை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பியிலிருந்து மதநீர் ஒழுகும். அதற்கு அஞ்சியே தமிழகக் கோயில்கள் பெரும்பாலும் பிடிகளை வைத்திருக்கின்றன. ஆனால் அண்மை ஆண்டுகளில் பேசப்பட்ட உயிரிழப்புகள் அந்தப் பிடிகளாலேயே நேர்ந்தவை. 2018 மே மாதம் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குள்ளேயே மசினி தன் பாகனை மிதித்துக் கொன்றது. 2020 மே மாதம் திருப்பரங்குன்றத்தில் தெய்வானை என்ற யானை பாகன் ஒருவரைக் கொன்றது. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூரில், அதே தெய்வானை என்ற பெயர் கொண்ட இன்னொரு யானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். பின்னிரண்டும் முருகன் படைவீடுகள். யானைக்கு இட்ட பெயர் முருகன் மனைவியின் பெயர்.

சாவு ஒருபக்கம் மட்டும் அல்ல. 2024 செப்டம்பரில் குன்றக்குடி முருகன் கோயில் யானை சுப்புலட்சுமி, கட்டியிருந்த கொட்டகை தீப்பிடித்ததில் வெந்து, சிகிச்சை பலனின்றி இறந்தது.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, சிறுத்தையோடு யானையும் இருக்கிறது. ஆனால் உரிமைச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளும் வழி யானைக்குத் திறந்தே இருந்தது. தமிழ்நாடு 2011இல் வளர்ப்பு யானைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, லலிதா என்ற முதிய யானையின் வழக்கை ஒட்டி, கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக்கூடாது என்றது. மத்திய அரசின் போக்கு இதற்கு நேர்மாறு: 2022 திருத்தம் சமயக் காரியத்துக்கும் ‘வேறு எந்த நோக்கத்துக்கும்’ சான்றிதழ் உள்ள யானையைக் கைமாற்ற இடம் தந்தது, 2024இல் அதற்கான விதிகளும் வந்தன. பிரிட்டனில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம், தனியார் உரிமம் வாங்காமல் வைத்திருக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் யானையையும் சேர்த்திருக்கிறது.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயில் 2023 பிப்ரவரியில், உயிருள்ள யானைக்குப் பதிலாக, இயந்திர யானை ஒன்றைக் கோயில் கைங்கரியத்துக்கு ஏற்றது. காதும் தும்பிக்கையும் மின்விசையில் ஆடும்.

மசினி

சமயபுரத்து மசினி, தாயைப் பிரிந்த குட்டியாக முதுமலையில் மீட்கப்பட்டு, தெப்பக்காடு முகாமில் வளர்ந்து, பிறகு கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட யானை. பாகனைக் கொன்றபின் அதைப் பழையபடி தெப்பக்காட்டுக்கே கொண்டுபோனார்கள். மண்தரை, ஆறு, கூட யானைகள், தலைமுறையாக இதே தொழில் செய்யும் பாகர்கள். கோயிலில் இல்லாத எல்லாமும் அங்கே இருந்தன. 2023 ஏப்ரலில், தீனி கொடுக்கும் நேரத்தில், அங்கிருந்த பாகர் ஒருவரையும் மசினி கொன்றது.