சங்கரன்கோவிலைச் சுற்றி ஒரு நாள்: எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு நாள் லீவு, ஒரு கார், நாலு பேர். சங்கரன்கோவில்ல இருந்து கிளம்பி, சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும். எங்கெங்க நிறுத்தலாம், மதியச் சாப்பாடு எங்க? இதுதான் கேள்வி. கேக்க டூரிஸ்ட் கைடு மாதிரி இருக்கும். ஆனா வண்டியை நிறுத்துற ஒவ்வொரு இடத்துலயும் வரலாறு காத்துக்கிட்டு இருக்கு.

"நிறுத்தத் தகுந்த இடம்" என்கிற எண்ணத்தையே அச்சுப் போட்டு வித்தவங்க பிரான்ஸ்காரங்க. மிஷ்லின் சகோதரர்கள் டயர் கம்பெனி நடத்தினாங்க. 1900ல பிரான்ஸ்ல மொத்தமே 3,000 காருக்கும் குறைவு. கார் ஓடினாத்தானே டயர் தேயும்? அதனால எங்க பெட்ரோல் கிடைக்கும், எங்க தங்கலாம்னு ஒரு சின்ன கையேடு போட்டு, கிட்டத்தட்ட 35,000 பிரதி இலவசமா கொடுத்தாங்க. நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் கொடுத்தது 1926ல. பிறகு மூணு படி வந்தது: வழியில இருந்தா நிறுத்து, கொஞ்சம் சுத்தியாவது போ, இதுக்குன்னே கிளம்பிப் போ. இந்த மூணு படியையும் கடன் வாங்கி நம்ம பாதையை அளந்து பாப்போம்.

முதல்ல வடக்கே, ராஜபாளையம் ரோட்டுல சுமார் 10 கிலோமீட்டர். கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயில். காலை வெயில்ல பிரகாரம் அமைதியா இருக்கும். இந்த ஊர்ல பாண்டிய அரசர் ஒருத்தர் சேர்த்து வச்ச ஏட்டுச்சுவடிகள் கோயில்ல இருந்திருக்கு. பழைய நூல்களைத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச உ.வே.சாமிநாதையர் அதைக் கேள்விப்பட்டு இங்க வந்தார். சுவடிகள் எங்கேன்னு விசாரிச்சா, பழசாப் போன ஏடுகளை ஆகம முறைப்படி ஹோமத் தீயில போட்டாச்சுன்னு பதில். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலை, மரியாதையாத்தான் எரிச்சிருக்காங்க. அதுதான் இதுல தாங்க முடியாத விஷயம். அந்தக் கட்டுல என்னென்ன நூல் இருந்ததுங்கிறது இனி யாருக்கும் தெரியப்போறதில்லை. என் கணக்குல இது "சுத்தியாவது போ" ரகம்.

அங்கிருந்து மேற்கே, மலையைப் பார்த்து வண்டியைத் திருப்புங்க. குளக்கரை, பனை, தூரத்துல நீலமா மேற்குத் தொடர்ச்சி மலை. இந்தப் பயணத்துலயே கண்ணுக்கு அழகான பகுதி இதுதான். நெற்கட்டும்செவல் வரும். பூலித்தேவர் ஊர். நினைவு மாளிகை ஒண்ணு இருக்கு. பழைய கோட்டையைத் தேடினா ஏமாந்துபோவீங்க. பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண் கோட்டைகள். அதிலும் 1799லயும் 1801லயும் நடந்த போர்களுக்குப் பிறகு, மிச்சம் இருந்ததை இடிக்கிறதுல கம்பெனியார் ரொம்ப அக்கறையா இருந்தாங்க.

ஆனா அந்த மண்சுவர் சாதாரணம் இல்லை. 1755ல கர்னல் ஹெரான் படையோட வந்து, கோட்டையைப் பிடிக்க முடியாம திரும்பினார். 1761லதான் யூசுப் கான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்னு மூணு கோட்டையையும் பிடிச்சார். மருதநாயகம்னு நாம சொல்றது இவரைத்தான். மூணே வருஷம், 1764ல அதே யூசுப் கானை மதுரையில தூக்குல போட்டாங்க, நவாப்பும் கம்பெனியும் சேர்ந்து. பூலித்தேவர் என்ன ஆனார்? கைதியாக் கொண்டுபோறப்ப சங்கரன்கோவில்ல சாமி கும்பிடணும்னு கேட்டார், உள்ளே போனவர் மறைஞ்சுட்டார்னு ஜனங்க சொல்றாங்க. அவர் பேர்ல ஒரு அறையே கோயில்ல இருக்கு. கதைக்கு எழுத்துல ஆதாரம் இல்லை. தோத்துச் செத்தார்னு ஒத்துக்க ஊருக்கு மனசு இல்லைன்னு மட்டும் புரியுது.

மதியம் ஆச்சு. சங்கரன்கோவிலுக்கே திரும்புங்க, பிரியாணிக்கு. இந்தப் பக்கம் மட்டன் பிரியாணின்னா ஊர் பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க. லேட்டா போனா அண்டா காலி. சைவக்காரங்க கட்டுச்சோறு கட்டிக்கிறது நல்லது, புளிச்சோறும் துவையலும். (ஆடித்தபசு அன்னைக்கு மட்டும் காரை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள வந்துடாதீங்க.)

சாப்பாட்டுல கொஞ்சம் நிக்கணும். ஹோட்டல் வர்றதுக்கு முன்னாடி வழிப்போக்கர் எங்க சாப்பிட்டாங்க? சத்திரத்துல. 1689ல இருந்து 1706 வரைக்கும் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டினார். தெற்கே இன்னும் பல பாதைகளுக்கு மங்கம்மாள் சாலைன்னே பேரு. பெரிய தர்மம்தான். ஆனா அந்தக் காலச் சத்திரங்கள்ல எல்லாருக்கும் ஒரே பந்தி கிடையாது. எந்தச் சாதி உள்ளே உக்காரலாம், எது வெளியே நிக்கணும்னு கணக்கு இருந்தது. பிறகு வந்த காபி கிளப்புலயும் அதே கணக்கு ரொம்ப நாள் ஓடிச்சு. இன்னைக்கு பிரியாணிக் கடை பெஞ்சுல பக்கத்து இலை யாரோடதுன்னு யாரும் விசாரிக்கிறது இல்லை. இது தானா வந்த மாற்றம் இல்லை, சண்டை போட்டு வாங்கினது.

அந்தச் சண்டையில ஒண்ணு நம்ம கடைசி நிறுத்தத்துலயே நடந்தது. கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர், கரிசக்காட்டு வழியா கழுகுமலை. கழுகாசலமூர்த்தி கோயில் ரதவீதியில நாடார்கள் ஊர்வலம் போகலாமாங்கிறது ரொம்ப நாள் வழக்கு. மறுப்பு வந்ததும் அவங்கள்ல ஒரு பகுதியினர் கிறிஸ்தவத்துக்கே மாறினாங்க. 1895 பங்குனித் தேரோட்டத்துல கலவரம் வெடிச்சு, எட்டயபுரம் ஜமீன் மேனேஜர் உட்படப் பல உயிர் போச்சு. இன்னைக்கு நாம பார்க்கிங் தேடுறது அதே தெருவுலதான். இதே முருகன் மேலதான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். அவரும் இந்தப் பக்கத்து ஆளுதான்.

இப்ப மலை ஏறுங்க. வெட்டுவான் கோயில், "இதுக்குன்னே கிளம்பிப் போ" ரகம். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மேல இருந்து கீழே செதுக்கிக்கிட்டே வந்து, பாதியில விட்டுட்டாங்க. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியை இங்கதான் பாக்கணும். ஏன் நிறுத்தினாங்கன்னா, அப்பன் சிற்பி கோபத்துல மகன் சிற்பியைக் கொன்னுட்டான்னு ஒரு கதை சொல்வாங்க. நின்னுபோன கோயில் எல்லாத்துக்கும் நம்ம ஊர்ல இப்படி ஒரு கதை இருக்கு. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லை.

பக்கத்துலயே ஐயனார் கோயில், அதை ஒட்டின பாறையில வரிசை வரிசையா சமணத் திருமேனிகள். சிங்கத்தோட நிக்கிற அம்பிகையைத் தவறவிடாதீங்க. நூத்துக்கும் மேல வட்டெழுத்துக் கல்வெட்டு. ராஜா புகழ் பாடுறது குறைவு. இந்தத் திருமேனியைச் செய்விச்சது இன்னார்னு சின்னச் சின்ன வரி, அவ்வளவுதான். தச்சர், குயவர், கொல்லர் பேர் எல்லாம் இருக்கு. குரத்தியர்னு பெண் துறவிகள், ஆசிரியைகள் பேரும் இருக்கு. திருச்சாரணத்துக் குரத்திகள்னு ஒருத்தங்க. திருச்சாரணம்னா இன்னைக்குக் குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்க இருந்து இங்க வரைக்கும் அந்தக் காலத்துல நடந்தே வந்திருக்கணும். நாம 20 கிலோமீட்டருக்கு ஏசி போட்டுக்கிட்டு வந்திருக்கோம்.

சாப்பாட்டுப் பொட்டலத்தை மேல பிரிக்காதீங்க, பாதுகாக்கப்பட்ட இடம். இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கிடுங்க, சாயங்கால வெயில் சாய்வா விழும்போதுதான் எழுத்து நல்லாத் தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்க.