வார்தார் பெண்களின் கடைசி சீசன்

2017-இல் ஒரே மனிதருக்குச் சொந்தமான இரண்டு அணிகள், சரியாக நான்கு வார இடைவெளியில், ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹேண்ட்பால் கோப்பைக்கான இறுதிப் போட்டியில் ஆடின. மே 7 அன்று புடாபெஸ்டில் பெண்கள் அணி கூடுதல் நேரத்தில் 30-31 என்று தோற்றது. ஜூன் 4 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆண்கள் அணி, பாரிஸ் அணியைக் கடைசி நொடியில் விழுந்த கோலால் 24-23 என்று வென்றது. இரண்டிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல்தான். இரண்டு அணிகளின் பெயரும் ஒன்றுதான்: வார்தார். ஊர் ஸ்கோப்யே.

அடுத்த சீசன் முடிவதற்குள் இவற்றில் ஒன்று இழுத்து மூடப்படும் என்பது முடிவாகிவிட்டது. எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான் எழுத வந்தது அந்த 2017-18 சீசனைப் பற்றித்தான். அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பலருக்கு ஹேண்ட்பால் என்றால் பள்ளி விளையாட்டு விழாப் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். பக்கத்துக்கு ஏழு பேர், 40-க்கு 20 மீட்டர் உள்ளரங்கக் களம், முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றடிக்கு மேல் ஓடக் கூடாது. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளைவுக்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. அதனால் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிவார்கள். கோட்டருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பிவட் வீராங்கனையை இரண்டு பேர் கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்பார்கள். கூடைப்பந்தின் வேகமும் கபடியின் உடல் மோதலும் சேர்ந்த மாதிரி ஒரு ஆட்டம். ஒரு போட்டியில் ஐம்பது, அறுபது கோல் விழுவது சாதாரணம். அதனாலேயே ஒரு கோலில் தோற்பது இங்கே தனி வலி. நழுவவிட்ட இருபது வாய்ப்புகளில் எதை நினைத்து வருந்துவது?

வார்தார் என்பது ஸ்கோப்யே நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர். மாசிடோனியா இருபது லட்சம் பேர் வாழும் நாடு. நான் சொல்லும் சீசன் முடிந்த அடுத்த மாதம்தான், 2018 ஜூனில், கிரீஸுடன் ஒப்பந்தம் போட்டு ‘வடக்கு மாசிடோனியா’ என்று பெயரை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தது. இவ்வளவு சின்ன நாட்டின் ஓர் அணி 2014 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து முறை பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கின் ‘ஃபைனல் ஃபோர்’ எனப்படும் கடைசி நான்குக்குள் வந்தது. முதல் மூன்று முறை அரையிறுதியோடு சரி. அடுத்த இரண்டு முறை இறுதி வரை.

அதற்கான பணம் செர்கெய் சம்சோனென்கோ என்ற ரஷ்யத் தொழிலதிபருடையது. விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத் தொழிலில் சம்பாதித்தவர். ஸ்கோப்யேயில் ஒரு ஹோட்டல் கட்டினார், யானே சாண்டான்ஸ்கி பெயரில் ஒரு விளையாட்டரங்கம் கட்டினார், வார்தாரின் இரண்டு அணிகளையும் எடுத்து நடத்தினார். உலகின் முன்னணி வீராங்கனைகள் ஸ்கோப்யேயில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். செர்பியாவின் ஆந்த்ரேயா லெகிச் 2013-க்கான உலகின் சிறந்த வீராங்கனை விருது பெற்றவர். பிரான்ஸின் கோல்கீப்பர் அமாண்டின் லேனோ இன்னொருவர்.

இது முதல் தடவையும் அல்ல. இதே ஊரின் கொமெட்டால் ஜோர்ச்சே பெட்ரோவ் அணி 2002-இல் இதே கோப்பையை வென்றிருக்கிறது. கொமெட்டால் என்பது ஊரும் இல்லை, ஆறும் இல்லை. அணிக்குப் பணம் போட்ட வணிக நிறுவனத்தின் பெயர். அந்த அணியின் நட்சத்திரம் இந்திரா கஸ்த்ராதோவிச், பின்னாளில் வார்தார் பெண்களுக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். புரவலர் மாறினார், ஆட்டம் தொடர்ந்தது.

புரவலர். தமிழில் எவ்வளவு கௌரவமான சொல்! கொடுத்தவரைப் பாடிய பாட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. அவர் கையை மூடிக்கொண்ட பிறகு என்ன ஆனது என்பதுதான் பெரும்பாலும் பாட்டில் வராது. பெண்கள் கிளப் ஹேண்ட்பாலின் வரலாற்றை, யார் கோப்பையை வென்றார்கள் என்பதை விட்டுவிட்டு யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரிகிறது. 1970-இலிருந்து 1988-க்குள் பதின்மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது ஸ்பார்டக் கீவ். பயிற்சியாளர் இகோர் துர்ச்சின், களத்தில் அவர் மனைவி ஸினாயிதா துர்ச்சினா, பின்னால் சோவியத் அரசு. அந்த அரசு போனதோடு அந்தக் காலமும் போயிற்று. அடுத்து வந்தது ஆஸ்திரியாவின் ஹைப்போ. அது ஒரு வங்கியின் பெயர். 1989-க்கும் 2000-க்கும் இடையில் எட்டுக் கோப்பை.

ஹைப்போவை உருவாக்கி நடத்திய குன்னர் புரோகோப் பற்றி ஒரு கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 2009-இல் பிரான்ஸின் மெட்ஸ் அணியுடன் ஆட்டம், ஸ்கோர் சமம், இன்னும் சில நொடிகளே பாக்கி. எதிரணி வீராங்கனை பந்தோடு பாய்ந்து வருகிறார். மனுஷன் ஓரத்திலிருந்து களத்துக்குள் இறங்கி, குறுக்கே நின்று அவரைத் தடுத்துவிட்டார்! நீண்ட தடை கிடைத்தது. அந்தக் காணொளியைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம், இவர் ஓரத்தில் நின்ற நாட்களிலும் ஆட்டம் இவருடையதாகத்தானே இருந்தது என்று தோன்றுகிறது.

2017-18-க்கு வருவோம். பதினாறு அணிகள், நான்கு குழுக்கள், பிறகு ஆறு ஆறு அணிகளாக இரண்டு பிரிவு, பிறகு காலிறுதி, கடைசியில் புடாபெஸ்டில் ஒரு வார இறுதி. இலையுதிர் காலத்தில் தொடங்கி மே வரை இழுக்கும் சீசன் இது. நடுவில், டிசம்பரில், ஜெர்மனியில் உலகக் கோப்பை. அங்கே இறுதியில் பிரான்ஸ் நார்வேயை 23-21 என்று வென்றது. வார்தாரின் லேனோ உலக சாம்பியன் ஆனார். தோற்ற நார்வே அணியின் தலைவி ஸ்டினே ஒஃப்டெடால், ஹங்கேரியின் ஜியோர் அணிக்கு ஆடுபவர். இருவரும் தங்கள் தங்கள் கிளப்புக்குத் திரும்பினார்கள். ஒருவருக்குத் திரும்பிப் போகவும் அங்கேயே இருக்கவும் ஒரு கிளப் இருந்தது. இன்னொருவருக்கு மே மாதம் வரைதான்.

ஏனென்றால், சம்சோனென்கோ பெண்கள் அணிக்குக் கொடுக்கும் பணத்தை இந்த சீசனோடு நிறுத்துகிறார் என்பது அதற்குள் ஊரறிந்த செய்தியாகிவிட்டது. ஆண்கள் அணி தொடரும்.

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. நான் அதற்குத் தயாராக இல்லை. அவர் இல்லாவிட்டால் அந்த ஐந்து ஃபைனல் ஃபோர்களும் இல்லை. லெகிச்சை ஸ்கோப்யே குழந்தைகள் டிவியில்தான் பார்த்திருப்பார்கள். சொந்தப் பணத்தை எங்கே போடுவது என்பது அவர் உரிமை, சட்டப்படி யாரும் கேள்வி கேட்க முடியாது. என் சிக்கல் அதில் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். செலவைக் குறைக்க வேண்டி வந்தால் யாருடைய படிப்பை நிறுத்துவது என்று பெரிதாக யோசிக்காத வீடுகளை நமக்குத் தெரியும். ஐந்து வருடம் தொடர்ந்து ஐரோப்பாவின் முதல் நான்கில் இருந்தவர்கள் பெண்கள். அந்த மதிப்பெண் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

அந்த ஆண்டு ஃபைனல் ஃபோருக்கு வந்த மற்ற அணிகளைப் பாருங்கள். புக்காரெஸ்ட் அணிக்குப் பின்னால் அந்த ஊர் மாநகராட்சி. ஜியோருக்கு அதன் ஊரிலேயே இருக்கும் ஆடி கார் எஞ்சின் தொழிற்சாலை. கிளப்பின் பெயரிலேயே ஆடி உண்டு. போதாததற்கு, 2011 முதல் ஹங்கேரியில் நிறுவனங்கள் தங்கள் வரியில் ஒரு பங்கைக் கால்பந்து, ஹேண்ட்பால் போன்ற சில குழு விளையாட்டுகளின் கிளப்புகளுக்குத் திருப்பிவிடலாம் என்று சட்டமே இருக்கிறது. இந்த ஏற்பாடுகளிலும் அரசியல் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் ஒருவர் காலையில் எழுந்து மனசை மாற்றிக்கொண்டால் ஜியோர் காணாமல் போகாது. நான்காவது அணி ரஷ்யாவின் ரோஸ்தோவ்-டான்.

அரையிறுதியில் ரோஸ்தோவை வார்தார் வென்றது. இன்னொரு பக்கம் ஜியோர் புக்காரெஸ்ட்டை வென்றது. 2018 மே 13, ஞாயிறு. போன வருடத்தின் அதே இறுதி, அதே அரங்கம். 2014-இலிருந்து ஃபைனல் ஃபோர் புடாபெஸ்டில்தான். காகிதத்தில் அது பொதுவான இடம். ஜியோரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பல்லாயிரம் இருக்கைகளில் பச்சைச் சட்டைகள். ஒரு மூலையில் சிவப்பு-கறுப்பில் ஸ்கோப்யேக்காரர்கள்.

அந்த ஆட்டத்தை நான் பதிவாகத்தான் பார்த்திருக்கிறேன். முடிவு தெரிந்து பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, கோலை விட்டுவிட்டு முகங்களைப் பார்க்கலாம். ஜியோரில் நிக்கே க்ரூட், ஒஃப்டெடால், பிரேசிலின் எதுவார்தா அமோரிம், பெஞ்சுக்கும் களத்துக்கும் இடையே அந்த ஊரின் செல்லப்பிள்ளை அனிதா கோர்பிட்ஸ். உலக அணி என்றே சொல்லலாம். எதிரே நிற்பவர்களோ ஒரே கிளப்பின் சட்டையில் கடைசி முறையாக ஆடுகிறார்கள். ‘மானத்துக்காக ஆடினார்கள்’ என்று எழுத கை துறுதுறுக்கிறது. உண்மை அதைவிடச் சாதாரணமானது என்று நினைக்கிறேன். இவர்கள் தொழில்முறை வீராங்கனைகள். அடுத்த வேலைக்கான நேர்முகத் தேர்வும் அதே ஆட்டம்தான். வாடகையும் கட்ட வேண்டும், கோப்பையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே மனசில் இருந்திருக்கும். அதனால் அந்த ஆட்டத்தின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

அறுபது நிமிடத்தில் தீரவில்லை. மறுபடி கூடுதல் நேரம், ஐந்து ஐந்து நிமிடமாக. ஜியோர் 27, வார்தார் 26.

இரண்டு வருடம், இரண்டு இறுதி, இரண்டும் கூடுதல் நேரம், இரண்டும் ஒரு கோல். ஜெயித்திருந்தால் அணி பிழைத்திருக்குமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிழைத்திருக்காது என்றே தோன்றுகிறது. முடிவு ஸ்கோர் பலகையில் எழுதப்படவில்லை, அதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டது. கோப்பை வாங்கினாலும் கதி மாறாது என்பதற்குப் பின்னாளில் ஒரு சாட்சியும் கிடைத்தது. நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சாண்ட் 2021, 2022, 2023 என்று மூன்று முறை தொடர்ந்து இதே கோப்பையை வென்றது. 2025 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே, அந்த கிளப் திவாலானது. மூன்று கோப்பையால் கடனை அடைக்க முடியவில்லை.

வார்தார் பெண்கள் அணி அந்தக் கோடையிலேயே கலைந்தது. லெகிச் புக்காரெஸ்ட் போனார். அடுத்த வருடம் ஆண்கள் அணி இரண்டாவது முறையாக சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. சம்சோனென்கோ அதோடு அவர்களையும் விட்டு விலகினார்.

லேனோவை எடுத்துக்கொண்டது ஜியோர். 2019 மே மாதம் மறுபடி அதே அரங்கம், எதிரே ரோஸ்தோவ். ஜியோர் 25-24 என்று வென்றது. மூன்றாவது வருடமாக அதே இறுதிக்கு வந்தவர் லேனோ. இந்த முறை அந்த ஒரு கோல் அவர் பக்கம் விழுந்தது.