கம்பளியும் காலுறையும்: மூணாறு மலையில் குளிரின் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பழைய மலைப்பாதை, ஒரே நாளில் மனித உடலை இரு வேறு தட்பவெப்பங்களுக்குள் இட்டுச் செல்வது. அடிவாரத்தில் வெயில்; ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறியபின் மூடுபனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் இவ்வழியே நடந்த குடும்பங்கள் சமவெளிக்குரிய பருத்தித் துணியையே உடுத்தியிருந்தன. ஆணுக்கு வேட்டியும் துண்டும். பெண்ணுக்கு ஒரு சேலை. பலருக்கு மேற்சட்டை என்ற ஒன்றே இல்லை. கண்ணன் தேவன் மலைகளின் வரலாறு 1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்சாறு அரசரிடம் பெற்ற குத்தகையிலிருந்தும், 1880 வாக்கில் ஏ. எச். ஷார்ப் பார்வதியில் நட்ட முதல் தேயிலையிலிருந்தும், 1897இல் உருவான கம்பெனியிலிருந்தும் தொடங்கி எழுதப்படுகிறது. அம்மலைகளில் சனவரி விடியலில் உறைபனி விழும். சூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓயாது. அந்தக் குளிரை உடல்கள் எதை உடுத்தித் தாங்கின என்ற கேள்வி இந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

கேள்விக்கான முதல் விடை ஒரே சொல்: கம்பளி. துரைமாரின் ஆங்கிலத்திலும் அது 'கம்ப்ளி' என்றே நுழைந்தது; 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதற்குத் தனிப் பதிவே தருகிறது. குறும்பர் போன்ற ஆட்டிடையர் சமூகங்கள் செம்மறியின் கருமயிரை நூற்று நெய்த முரட்டுத் துணி அது. அதை மடித்துத் தலையில் கவிழ்த்து முதுகில் தொங்கவிட்டால் கொங்காணி. தரையில் விரித்தால் பாய். மேலே இழுத்தால் போர்வை. குழந்தையைக் கிடத்தினால் தொட்டில். மலைத்தோட்டத் தொழிலாளியின் உடைமைகளில் இத்தனை வேலை செய்த பொருள் வேறொன்று இருந்திருக்காது. இந்தப் பன்முகப் பயனை வியந்து எழுதுவது எளிது. ஆனால் பகலில் மழையைத் தாங்கிய அதே கம்பளிதான் இரவில் போர்த்தவும் வேண்டியிருந்தது. ஒற்றை அறை லயத்தில், ஒற்றை அடுப்பின் புகைமேல், நனைந்த கம்பளி ஓர் இரவுக்குள் உலர்வதில்லை.

அது இனாமும் அல்ல. கம்பளியின் விலையைத் தொழிலாளியின் பற்றில் எழுதிக் கூலியில் பிடிப்பது தென்னிந்திய, இலங்கை மலைத்தோட்டங்களின் பொதுவான வழக்கம். ஊரில் கங்காணி தந்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கடன் அடுக்கடுக்காக ஏறியது. குளிர் காலநிலையாக இருந்தது போலவே கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாகவும் இருந்தது. சமவெளியில் தேவைப்படாத ஒரு பொருள், மலையேறிய மறுநாளே உயிர்த்தேவையாக மாறியது. அதை விற்பதற்கு இருந்த கையும், கூலி கொடுக்கும் கையும் ஒன்றே.

உடைக்கும் உடற்சூட்டுக்கும் உள்ள உறவை இங்கே சற்று விளக்க வேண்டும். இன்று பனிச்சறுக்கு வீரருக்கும் மலையேறுபவருக்கும் கற்பிக்கப்படும் முதற்பாடம், குளிரைத் தீர்மானிப்பது தோலை ஒட்டிய முதலடுக்கு என்பதே. உழைக்கும் உடல் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இழைகளுக்கிடையே இருந்த காற்று போய் நீர் வரும். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆட்டுமயிரோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை நாரின் உள்ளேயே வாங்கிக்கொண்டும் தொடுகைக்கு உலர்ந்தாற்போல் இருக்கும்; அவ்வாறு வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். எனவேதான் ஆட்டுமயிர் உள்ளே, காற்றும் மழையும் புகாத துணி வெளியே என்ற வரிசை. மூணாற்றுத் தொழிலாளிக்கு வாய்த்தது இதன் தலைகீழ் வரிசை: தோலில் நனைந்த பருத்தி, அதன்மேல் மழை குடித்துக் கனத்த கம்பளி. கொழுந்தெடுப்பவரின் ஈரம் வானிலிருந்து மட்டும் வருவதுமில்லை. விடியற்காலைப் பனிநீர் சொட்டும் செடிகளுக்கிடையே நடப்பவரின் சேலை, மழையே இல்லாத நாளிலும் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நனைந்துவிடும். கம்பளி காத்தது தலையையும் முதுகையும். ஈரம் ஏறியது கீழிருந்து.

இந்த அறிவு அக்காலத்தில் இல்லாத ஒன்றல்ல. 1880களில் ஸ்டுட்கார்ட் பேராசிரியர் குஸ்தாவ் யேகர், தோலை ஒட்டி ஆட்டுமயிர் ஆடையே அணிய வேண்டும் என்று பரப்புரை செய்தார். 1884இல் லண்டனில் அவர் பெயராலேயே ஒரு கடை எழுந்தது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயருக்கு 'காலரா பெல்ட்' என்ற ஃப்ளானல் வயிற்றுப்பட்டி பரிந்துரைக்கப்பட்டது. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்ற அந்தக் கருத்து தவறு. ஆனாலும் ஆட்சி செய்யும் உடலின் தோலுக்கும் துணிக்கும் இடையிலான உறவு மருத்துவச் சிந்தனைக்குரியதாக இருந்ததை அது காட்டுகிறது. துரைமாரின் காலிலும் இதே அக்கறை: முழங்கால்வரை கம்பளிக் காலுறை, அதன்மேல் 'பட்டீ'. பட்டி என்ற இந்திச் சொல்லே ஆங்கிலத்தில் அவ்வாறு ஆயிற்று. இமயமலை மக்கள் காலில் சுற்றிய துணியே அது.

1924ஆம் ஆண்டு இந்த ஒப்பீட்டுக்கு ஒரு கூர்மை தருகிறது. அவ்வாண்டு சூன் 8ஆம் நாள் எவரெஸ்டில் ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் மறைந்தனர். மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, பட்டும் கம்பளியும் பருத்தியுமாக மெல்லிய பல அடுக்குகள், அவற்றின்மேல் காபர்டீன் என்று அவர் உடை அமைந்திருந்தது தெரியவந்தது. 2006இல் அதே உடையை மறுபடி செய்து எவரெஸ்டிலேயே அணிந்து சோதித்தனர். இர்வினுடையதாகக் கருதப்படும் பாதம் ரோங்புக் பனியாற்றில் 2024இல்தான் கிடைத்தது; அடையாளம் காட்டியது காலுறையில் தைத்திருந்த அவரது பெயர். அவர்கள் மறைந்த அடுத்த மாதம், சூலை 1924இல், 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' மூணாற்றைப் புரட்டிப்போட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கின் இரயில்பாதை அழிந்தது. அது மீண்டும் போடப்படவேயில்லை. அழிந்த பாதையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்த மழையில் நின்றவர்களின் கால்களில் பெயர் தைக்கக் காலுறையே இருந்ததில்லை.

வெறுங்கால் என்பது குளிரின் சிக்கல் மட்டுமன்று. மழைக்காலத் தேயிலைக்காட்டில் அட்டைகள் கணுக்காலில் ஏறும். அதற்குத் தொழிலாளர் கண்ட மருந்து உப்பு, புகையிலைச்சாறு, சவர்க்காரம்; கடித்த இடம் மழையில் ஆறாமல் புண்ணாகும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழு. அதன் குடம்பி ஈரமண்ணில் இருந்து வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்வது, குருதிச்சோகையை உண்டாக்குவது. 1910களின் பிற்பகுதியில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது பேதி மருந்தும் கழிப்பிடமுமே திட்டத்தின் மையமாக இருந்தன. அமெரிக்கத் தெற்கில் காலணி அணியுமாறு இதே அமைப்பு வலியுறுத்தியது. தோட்டத் தொழிலாளியின் பாதம் மட்டும், மூடப்பட வேண்டியது என்ற எண்ணத்துக்குள் எளிதில் வரவில்லை.

விடுதலைக்குப்பின் வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குளிரைப் பெயர் சொல்லியே ஏற்றது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு, அவை போன்ற பிற வசதிகளை முதலாளி வழங்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அதன் 17ஆம் பிரிவு. கடனாக எழுதப்பட்ட கம்பளி உரிமையாக மாறக்கூடிய வழி இது. தொழிற்சங்க வரலாற்றில் அதன் எடை குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. ஆனால் பட்டியலைக் கவனித்தால், மூன்றும் வெளியடுக்குகள். பழைய தோட்டத்தின் கற்பனையையே சட்டமும் கடன் வாங்கியது: குளிர் வெளியிலிருந்து வருவது, அதை ஒரு போர்வையால் தடுக்கலாம். உள்ளாடை, காலுறை, காலணி ஆகியவை 'அவை போன்ற' என்ற இரு சொற்களுக்குள் ஒளிந்துகொண்டன. பூச்சிக்கொல்லி கையாளுவோருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்வதற்கு 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நஞ்சுக்கு எதிராக மட்டுமே உடை, உடையாகச் சட்டத்தில் இடம்பெற்றது.

இடைவெளியை நிரப்பியவர்கள் பெண்கள். சேலைமேல் கணவனின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டை. இடுப்பில் முதலில் சாக்கு, பின்னாளில் நெகிழித்தாள். தலையில் துண்டு, அதன்மேல் கூடைவார். தேயிலைச் சுற்றுலா விளம்பரங்களில் 'மரபுடை' போலத் தோன்றும் இக்கோலம் ஓர் அடுக்குமுறைதான். எந்தக் கையேடும் கற்பிக்காமல் உருவானது. நெகிழி மழையைத் தடுத்தது, வியர்வையை உள்ளே பூட்டியது. ஒரு குறையைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கிற்று. பழைய ஆண்சட்டை இதில் இரட்டைப் பணி செய்கிறது. தேயிலைக் கவாத்துக் குச்சிகளின் கீறலிலிருந்து கையைக் காக்கிறது. நனைந்த இரவிக்கைக்கும் காற்றுக்கும் இடையே உலர்ந்த ஓர் அடுக்காகிறது. நல்லதண்ணி எஸ்டேட்டிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கண்ணை முதலில் ஈர்ப்பது 1905ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரம். அது எதனால் செய்யப்பட்டது, எப்படி இயங்கியது என்பதற்கெல்லாம் அங்கே விடை உண்டு. அந்த உருளைக்குள் விழுந்த கொழுந்தைக் கிள்ளிய கை, அன்று காலை எந்தத் துணிக்குள் இருந்தது என்பதற்கு விடை தேட வேண்டிய இடங்கள் வேறு: தோட்டக் கணக்குப் பேரேடுகளில் கம்பளிப் பற்று எழுதிய பக்கங்கள், மருத்துவமனைப் பதிவேட்டில் நிமோனியா என்ற குறிப்புகள், லயத்துக் கொடியில் உலர்ந்தும் உலராமலும் தொங்கிய துணிகளைப் பற்றிய முதியவர்களின் நினைவுகள்.