லேஸ் வேலையும் மிஷன் வரலாறும்

ஏசாயா தீர்க்கதரிசி தம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் சீயோன் குமாரத்திகளின் ஆடை அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக் கூறுகிறார். சிலம்பு, ஆரம், முக்காடு, சால்வை, மெல்லிய சல்லா எனத் தொடரும் அப்பட்டியலில் 21 பொருள்கள் இடம்பெறுகின்றன. நம் பிரசங்க பீடங்களில் இப்பகுதி பெரும்பாலும் பெண்களின் அலங்கார மோகத்தைக் கண்டிப்பதற்கே எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. இதற்குச் சற்று முன்னர், 14, 15ஆம் வசனங்களில், எளியோரிடமிருந்து பறிக்கப்பட்டவை தலைவர்களின் வீடுகளில் இருக்கின்றன என்னும் குற்றச்சாட்டு கூறப்பட்டிருப்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. அணிகளின் பட்டியலை அக்குற்றச்சாட்டோடு சேர்த்து வாசிக்கும்போது, இவற்றை அணிந்தவர் யார் என்பதுடன், இவற்றைச் செய்தவர் யார், அவர் பெற்ற கூலி யாது என்னும் வினாக்களும் எழுகின்றன.

அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம் இதற்கு மறுபுறமான ஒரு காட்சியைத் தருகிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்துக் கிடக்கிறாள். பேதுரு மேல்வீட்டிற்கு வந்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களோடிருந்த காலத்தில் செய்த ஆடைகளைக் காட்டுகின்றனர். ஆடையைச் செய்தவளின் பெயர் அரமேயத்தில் தபீத்தாள் என்றும் கிரேக்கத்தில் தொற்காள் என்றும் இருமுறை பதிவாகியிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 'சீஷி' என்று பெண்பாற் சொல்லால் அழைக்கப்பட்டவள் இவள் ஒருத்தியே என்பதும் நோக்கத்தக்கது.

செய்தவரின் பெயர் மறைந்த பட்டியல் ஒன்று. செய்தவரின் பெயரால் நினைவுகூரப்பட்ட ஆடைகள் மற்றொன்று. தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றில் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் ஒரு கைவினையைப் பற்றியதே இக்கட்டுரை. 'லேஸ்' என நாம் வழங்கும் அந்நுண்பின்னலுக்கு, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'ரேந்தை' என்னும் பெயரும் தமிழில் உண்டு.

1. ஐரோப்பாவில் லேஸின் தோற்றம்

லேஸ் என்பது தறியில் நெய்யப்படுவதன்று. துணியேயின்றி, நூலையும் இடைவெளியையும் கொண்டு உருவாக்கப்படுவது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸ் நாட்டிலும் இக்கலை வளர்ந்தது. அதில் இருவகை உண்டு. ஒன்று, ஊசியும் ஒற்றை நூலும் கொண்டு செய்யப்படுவது. வெனிஸ் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. மற்றொன்று, திண்டின்மேல் செய்யப்படும் பின்னல். வைக்கோல் போன்றவற்றை இறுக அடைத்த திண்டின்மேல், கோலம் துளையிடப்பட்ட தோலையோ தடித்த தாளையோ பொருத்துவர். துளைதோறும் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னுவர். குறுக்கிடுதல், முறுக்குதல் என்னும் இரண்டே அசைவுகளிலிருந்து பூவும் கொடியும் பிறக்கின்றன. இப்பின்னலுக்கான மாதிரி நூல் ஒன்று 1557இலேயே வெனிஸில் அச்சாயிற்று.

இதன் மதிப்பு அரசுகளின் கவனத்தையும் ஈர்த்தது. வெனிஸ் லேஸுக்காகப் பிரெஞ்சு நாட்டுப் பணம் வெளியேறுவதைத் தடுக்க, பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665இல் அலன்சோன் முதலிய ஊர்களில் அரசு ஆதரவுடன் லேஸ் தொழிலை நிறுவினார். ஆண், பெண் இருபாலாரின் கழுத்துப்பட்டைகளிலும் கைவிளிம்புகளிலும், திருப்பலி அங்கிகளிலும் லேஸ் இடம்பெற்றது. பின்னர் 1808, 1809ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் என்பவர் வலைத்துணி செய்யும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் கைப்பின்னலின் விலை படிப்படியாக வீழ்ச்சியுற்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பழைய லேஸைச் சேகரிப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. 1865இல் பரி பாலிசர் அம்மையார் லேஸின் வரலாற்றை ஒரு பெருநூலாக வெளியிட்டார். லண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனம் பெருந்தொகையான லேஸைத் திரட்டியது. நூலின் தன்மை, வலைக்கண்ணின் வடிவம், பூவேலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு துண்டு எந்த ஊரில், எக்காலத்தில் பிறந்தது என்பதைத் தேர்ந்த சேகரிப்பாளர் சொல்லிவிடுவர். எவர் கையில் பிறந்தது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்ல இயலாது. லேஸில் கையொப்பமிடும் வழக்கம் இல்லை.

ஆயினும் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. பெட்போர்ட், பக்கிங்ஹாம், நார்தாம்ப்டன் மாவட்டங்களின் பின்னற்கட்டைகள் மரத்தாலும் எலும்பாலும் செய்யப்பட்டு, அடியில் கண்ணாடி மணிகள் கோக்கப்பட்டவை. எலும்புக் கட்டைகள் பலவற்றில் பெண்களின் பெயர்கள், அன்புச் சொற்கள், வேத வாக்கியங்கள் ஆகியவை சிறு புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. லேஸ் விலைக்குப் போயிற்று. பெயர் பொறித்த கருவி வீட்டிலேயே தங்கிற்று.

2. ஆல்னி ஊரின் சாட்சி

அப்பகுதியிலுள்ள ஆல்னி என்னும் சிற்றூர் திருச்சபை வரலாற்றில் நமக்கு அறிமுகமானதே. முன்னாளில் அடிமைக் கப்பல்களின் தலைவராயிருந்த ஜான் நியூட்டன் 1764 முதல் 1780 வரை அங்கே ஆயராகப் பணியாற்றினார். உலகெங்கும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' என்னும் பாமாலை 1773ஆம் ஆண்டுப் பிறப்பு ஆராதனைக்கென அவர் எழுதியது. அதனை முதலிற் கேட்ட சபையாரில் பலர் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள்.

நியூட்டனின் நண்பரும் கவிஞருமான வில்லியம் கூப்பர் 1780இல் தம் வழக்கறிஞ நண்பருக்கு எழுதிய கடிதத்தில், லேஸ் தொழிலாளரின் வறுமையைத் தாம் கண்ணாரக் கண்டதாகவும், அவ்வூரில் நூற்றுக்கணக்கானோர் பட்டினியின் விளிம்பில் இருப்பதாகவும் முறையிட்டார். 1782இல் வெளிவந்த தம் 'சத்தியம்' என்னும் கவிதையில், வாயிற்படியில் அமர்ந்து லேஸ் பின்னும் ஏழைப் பெண்ணை அறிஞர் வால்டேரோடு ஒப்பிட்டு, வேதத்தை மெய்யென்று அறிந்த அவளே பேறுபெற்றவள் எனப் பாடினார். அவளுடைய விசுவாசத்தைப் புகழ்ந்ததோடு நின்றுவிடாமல், அவளுடைய கூலிக்காகக் கடிதமும் எழுதினார் என்பதே கூப்பரின் பெருமை.

அந்நாட்டில் லேஸ் பள்ளிகள் எனப்பட்டவை பெயரளவிலேயே பள்ளிகள். ஐந்து, ஆறு வயதுச் சிறுமியர் நாள் முழுவதும் திண்டின்மேல் குனிந்திருந்தனர். சிறுவர் உழைப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் நடைபெற்ற அரசு விசாரணைகள் இதனை வெளிப்படுத்தின. இத்தகைய பின்னணியையுடைய ஒரு கைவினைதான் மிஷனெரிகளின் மனைவியர் வாயிலாக நம் மண்ணை வந்தடைந்தது.

3. நாகர்கோவிலும் இடையன்குடியும்

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயர் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், மீட் ஐயரின் துணைவியாரோடு சேர்ந்து பெண்களுக்கான விடுதிப் பள்ளியை உருவாக்கினார். பெண்கல்வி என்பது தென்திருவிதாங்கூரின் எளிய மக்கள் கேட்டறியாத ஒன்றாயிருந்த காலம் அது. வாசிப்பு, எழுத்து, வேதபாடம், தையல் ஆகியவற்றோடு, 1820களின் தொடக்கத்திலேயே லேஸ் பின்னலும் அப்பள்ளியில் இடம்பெற்றது. சிறுமியர் பின்னிய லேஸ் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்கும் இங்கிலாந்துக்கும் விற்கப்பட்டது. அதன் வருவாய் பள்ளிக்கும் பிற ஊழியங்களுக்கும் உதவிற்று.

இங்கு ஒரு செய்தியைச் சிறப்பாகக் கூறவேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ஆம் ஆண்டின் அரச ஆணையால்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னர் மிஷன் பள்ளியில் சேர்ந்த சிறுமியருள் சிலர் நிலவுடைமையாளரின் அடிமைகளாயிருந்தனர். அவர்கள் லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உடையவனுக்கு விலைகொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மீட்பின் கிரயம் என்னும் சொல்லை நாம் வகுப்பறையில் கிரேக்க மூலத்தோடு விளக்குகிறோம். அச்சிறுமியரோ அச்சொல்லைத் தங்கள் விரல் நுனியில் அறிந்திருந்தனர். அடிமைக் கப்பலோட்டியவரின் சபையில் பின்னப்பட்ட லேஸ், வேறொரு நாட்டில் அடிமைப் பெண்ணின் விடுதலைக்கு விலையாயிற்று என்பது வரலாற்றின் வியப்பான தொடர்ச்சியாகும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1822இல் நாகர்கோவிலிற் பிறந்து தமிழைத் தாய்மொழிபோலப் பேசி வளர்ந்தவர். 1844இல் அவர் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். அச்செம்மணல் தேரி நாட்டில் மக்கள் பனைத்தொழிலையே நம்பி வாழ்ந்தனர். பருவம் தவறினால் பசி வந்தது. எலைசா அம்மையார் அங்கே பெண்கள் பள்ளியை நடத்தி, தம் தாயாரின் வழியில் லேஸ் வேலையையும் பரப்பினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதே ஊரில், அதே ஆண்டுகளில் பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து சென்றது. நூலாசிரியரின் பெயரை உலகம் அறியும். பின்னியவருள் ஒருவர் பெயரையேனும் நம் மாணவர் அறிவாரோ?

4. ஒரு முரண்பாடு

நாகர்கோவிலில் லேஸ் வேலை வளர்ந்த அதே ஆண்டுகள்தாம் தோள்சீலைப் போராட்டத்தின் ஆண்டுகள். நாடார் முதலிய சமுதாயங்களின் பெண்கள் மார்பை மறைப்பது மேல்சாதியினரின் உரிமையில் தலையிடுவதாகக் கருதப்பட்டது. 1822, 1823ஆம் ஆண்டுகளில் கிறிஸ்தவப் பெண்கள் தாக்கப்பட்டனர். அவர்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1829இன் அரச ஆணை, குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையை அனுமதித்து, மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணிவதைத் தடைசெய்தது. மீண்டும் கலவரங்கள் மூண்டு, சென்னை ஆளுநர் சார்லஸ் திரெவெல்யன் தலையிட்ட பின்னரே, 1859 ஜூலை 26ஆம் நாள் ஆணை எல்லா நாடார் பெண்களுக்கும் மேலாடை உரிமையை வழங்கிற்று. அப்போதும் மேல்சாதியினரின் உடுத்தும் முறையைப் பின்பற்றலாகாது என்னும் விதி நீங்கவில்லை.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் முக்காட்டுக்கும் அழகு செய்த பெண், தன் தோளின்மேல் ஒரு துண்டுத் துணியைப் போடுவதற்கு அரச ஆணைக்குக் காத்திருந்தாள்.

மற்றொரு முரண்பாடும் உண்டு. லேஸ் வேலை பெண்ணின் கையில் முதன்முறையாகக் கூலியைத் தந்தது. அதே வேளையில், வயல்வேலையை விட்டு வீட்டிற்குள் அமர்ந்து செய்யும் வேலையே மரியாதைக்குரியது என்னும் எண்ணத்தையும் அது வளர்த்தது. ஆந்திராவின் நர்சாப்பூர்ப் பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டு மிஷனெரிகளாலேயே இத்தொழில் பரவியது. அவ்வூர்ப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நம் சிந்தனைக்குரியது. வீட்டுவேலைக்கு மேல் நாள்தோறும் பல மணிநேரம் பின்னும் அப்பெண்கள், 'குடும்பப் பெண்கள் ஓய்வுநேரத்தில் செய்வது' என்னும் பெயரால் தொழிலாளராகவே எண்ணப்படவில்லை; கூலி குறைந்தது, வணிகரின் ஆதாயம் பெருகிற்று என்று அவர் காட்டினார். ஆகவே மிஷன் லேஸை விடுதலையின் சின்னம் என்று மட்டும் கூறுவதும், சுரண்டலின் சின்னம் என்று மட்டும் கூறுவதும் முழு உண்மையாகா. ஒரே நூலில் இரண்டும் முறுக்கப்பட்டுள்ளன. சபையின் வரலாற்றை எழுதுவோர் இரண்டையும் எழுதக் கடமைப்பட்டவர்.

5. நம் கடமை

நம் பழைய சபைகள் சிலவற்றின் பெட்டிகளில், திருவிருந்து மேசை விரிப்பாகவோ, ஞானஸ்நான உடையின் விளிம்பாகவோ, பாட்டியின் மணமுக்காடாகவோ லேஸ் துண்டுகள் இன்றும் இருக்கக்கூடும். புதிய விரிப்பு வந்தவுடன் பழையதை எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எறியுமுன் அதை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் நன்று. கைப்பின்னலில் நூல்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும் வழி தெளிவாகத் தெரியும். சிறு ஒழுங்கின்மைகளும் இருக்கும். இயந்திர லேஸ் ஒரே சீராக, வரிவரியாகத் தோன்றும். கைப்பின்னலானால் அதை மடித்து வைத்தலாகாது; மடிப்பில் நூல் அறும். அமிலமற்ற தாளிட்டு ஓர் உருளையில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவேண்டும். குண்டூசி குத்தினால் துருக்கறை படியும். வெளுப்புத் தூள் நூலையே தின்றுவிடும்.

துணியைக் காப்பது எளிது. பெயரைக் காப்பது அரிது. இறையியல் மாணவர் விடுமுறையில் சபைகளுக்குச் செல்லும்போது, ஞாயிறு பிரசங்கத்தோடு, லேஸ் பின்னிய தாய்மாரின் வீடுகளுக்கும் செல்லவேண்டும் என்று விரும்புகிறேன். யார் கற்றுக்கொடுத்தார், கோலத்திற்கு என்ன பெயர், ஒரு முழத்திற்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, கண் எப்போது மங்கிற்று என்று கேட்டு எழுதவேண்டும். கல்லறைப் பதிவேட்டிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் உள்ள பெண்களின் பெயர்களை அத்துண்டுகளோடு இணைத்து ஒரு தாளில் குறித்து வைக்கவேண்டும். மிஷனெரிகளின் அறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. இத்தாய்மாரின் நினைவுகளுக்கோ அவர்களன்றி வேறு காப்பகமில்லை.

ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி யாத்திராகமம் கூறும்போது பெசலெயேல், அகோலியாப் என்னும் ஆண் கைவினைஞரின் பெயர்களைத் தருகிறது. இளநீல நூலையும் மெல்லிய பஞ்சுநூலையும் தங்கள் கைகளால் நூற்ற ஞான இருதயமுள்ள பெண்களைப் பற்றி 35ஆம் அதிகாரம் பேசுகிறது. ஆனால் அவர்களுள் ஒருவருடைய பெயரும் அங்கில்லை. அக்குறையை யோப்பாவின் விதவைகள் நிறைவுசெய்தனர். அவர்கள் ஆடையைக் காட்டினர். செய்தவளின் பெயரையும் சொன்னார்கள். நம் திருச்சபையும் அவ்விதவைகளின் பக்கத்தில் நின்று, தன் கையிலுள்ளதைக் காட்டி, செய்தவரின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்வதாக.